இடுக்குகளை அடைத்தோம், கரிச்சட்டியை வெளியே வைத்தோம்

ஐப்பசி கடைசியில் ஒரு ராத்திரி, கூரை உச்சியை மூடும் முகட்டுத் தகடு பிய்ந்து தொங்கியது. அன்றிலிருந்து தை பிறந்து சில நாள் வரை நானும் தம்பியும் இந்த வீட்டில் என்னென்ன செய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். மலையில் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களை உடன் வைத்திருப்பவர்களுக்கு, உதவும். நடுவில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வீடு நீலகிரியில் கேத்தி பாலாடாவில், கேரட் தோட்டங்களுக்கு மேலே சரிவில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல். தாத்தா கட்டியது. மண் சாந்தில் வைத்த கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, பலகைத் தரை, பலகை மச்சு, எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரை. முன்னறையில் புகைக்கூண்டு வைத்த விறகுக் கணப்பு உண்டு. பின்னால் இருக்கும் அம்மாவின் அறையில் கிடையாது. அந்த அறைக்குத்தான் கங்கு வாரி வைக்கும் கரிச்சட்டி.

நீலகிரியில் எல்லா ஊருக்கும் ஒரே மழைக்காலம் இல்லை. ஆனி, ஆடியில் கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கணக்கு. வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் எங்கள் கிழக்குச் சுவர் நனைந்துவிடும். அந்த மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. ஆக, சுவரில் ஏறிய தண்ணீர் காய்வதற்குள் குளிர் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டுக் குளிரில் பாதி இந்த ஈரம்தான் என்று எனக்குப் புரியவே மார்கழி ஆகிவிட்டது.

சரி, கூரையிலிருந்து தொடங்குகிறேன்.

கிழக்குப் பக்கத்தில் முகட்டுத் தகடு ஆறடி நீளத்துக்குக் கிளம்பியிருந்தது. காலையில் கீழே நின்று பார்த்தபோதே தெரிந்தது, தகடு கிழியவில்லை, ஆணிகள்தான் மரத்தை விட்டு வந்திருக்கின்றன. பகல் வெயிலில் தகரம் விரியும், ராத்திரி சுருங்கும். இத்தனை வருடமாக இப்படி ஆணியை அசைத்து அசைத்து மரத்தில் ஓட்டை பெரிதாகிவிட்டது. அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, சட்டமும் சில இடங்களில் கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது.

தம்பி உடனே ஏறப் பார்த்தான். நான் விடவில்லை. பாசி படிந்த ஈரத் தகரத்தில் கால் நிற்காது. உள்ளே இருந்தபடியே மச்சுக்கு மேல் தார்பாய் விரித்து, சொட்டும் இடங்களில் பக்கெட் வைத்து, நான்கு நாள் காத்திருந்தோம். மழை ஒரு பகல் விட்டபோதுதான் தகர வேலை செய்யும் அண்ணன் வந்தார். இங்கே நிறைய வீடுகளில் காற்றுக்காகக் கூரைமேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைக்கிறார்கள். அவர் அதைப் பார்த்தாலே சத்தம் போடுவார். "காத்து தகரத்த அமுக்காதும்மா, உறிஞ்சித் தூக்கும். கல்லு இருந்தா கல்லோட சேத்துத் தூக்கும்" என்றார். கூரையைத் தாண்டிப் போகும் காற்று மேல்பக்கத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்த இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும்தான் அதிகம். எங்கள் வீட்டிலும் நடுத் தகரம் ஒன்றுகூட அசையவில்லை.

மெத்தென்றிருந்த மூன்று சட்டங்களை மாற்றினோம். பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, சட்டத்தைச் சுற்றிக் கொக்கி போடும் ஜே போல்ட்டுகளை வைத்தோம். நடுவில் மூன்று மேட்டுக்கு ஒன்று, ஓரங்களிலும் முகட்டிலும் ஒன்றுவிட்டு ஒரு மேட்டுக்கு ஒன்று. துளை எப்போதும் தகரத்தின் மேட்டில்தான் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்ட மாதிரி. போல்ட்டின் இரும்பு வாஷருக்கு அடியில் கறுப்புத் தார் வாஷர் ஒன்று வரும். சில பேர் முறுக்கிற வேகத்தில் அதை நசுக்கிவிடுகிறார்கள், அப்புறம் அங்கேயே ஒழுகும். வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பழைய ஆணி ஓட்டைகளைத் தார் கலந்த ஒட்டுப் பட்டை வைத்து மூடினோம். 110 போல்ட், ஒன்றரை நாள் வேலை. கார்த்திகையில் அதைவிடப் பலமான காற்று இரண்டு முறை வந்தது. கூரை அசையவில்லை.

கூரையைவிட எனக்குப் பயம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுச் சரிவுதான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் எத்தனை வீடுகள் மண்ணுக்குள் போயின என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அப்பா பின்பக்கம் தடுப்புச் சுவர் கட்டினார். சுவரில் தண்ணீர் வெளியேற 3 அங்குலக் குழாய்கள் 11 வைத்திருந்தார். அவர் போன பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை. இந்த முறை பெரிய மழையன்று குடை பிடித்துக்கொண்டு போய் எண்ணினேன். 11 குழாயில் இரண்டில்தான் தண்ணீர் வந்தது.

மீதி ஒன்பதிலும் வேரும் களிமண்ணும் அடைத்திருந்தன. தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் மண்ணின் பாரத்தால் மட்டும் விழுவதில்லை, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீரின் பாரமும் சேர்ந்துதான் தள்ளும். ஆறடிக் கம்பியின் நுனியை வளைத்து, ஒவ்வொரு குழாயாகக் குத்திக் குத்தி இழுத்தோம். நான்காவது குழாயில் அடைப்பு விட்டதும் பழுப்பு நிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்து தம்பியின் சட்டை முழுக்க நனைந்தது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது. கலங்கல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், அந்த வீட்டில் அன்றிரவு படுக்கக் கூடாது. சரிவின் தலைப்பில் ஓரடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினோம். குளியலறைத் தண்ணீர் அதுவரை சரிவிலேயே விழுந்துகொண்டிருந்தது, அதையும் குழாய் வைத்து இறக்கினோம்.

இதோடு எங்களுக்குள் ஒரு முடிவும் செய்துகொண்டோம். திடீரென்று கதவு நிலையில் சிக்கினாலோ, சுவரில் புது விரிசல் தெரிந்தாலோ, மேலே மின்கம்பமோ மரமோ சாய்ந்தாலோ, கேள்வி கேட்காமல் அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். ஆதார், பத்திரம், அம்மாவின் மாத்திரை, டார்ச் எல்லாம் ஒரே பையில் கதவருகே. மாவட்டப் பேரிடர் எண் 1077 சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. கார்த்திகையில் ஒரு ராத்திரி அப்படிக் கிளம்பியும் போனோம். ஒன்றும் ஆகவில்லை. போனதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்றடித்தால் கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில் மரம்) கம்பிமேல் விழும், ஒரு நாள், இரண்டு நாள் இருட்டு. இன்வெர்ட்டர் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் மட்டும். சாலை அடைத்தால் சிலிண்டர் வராது என்பதால் ஐப்பசிக்கு முன்பே ஒன்று நிரப்பி வைப்பது வழக்கம். இங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர்தான். அதனால் மாற்று கேஸ்கட் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

மழை கார்த்திகைக் கடைசியில் விட்டது. மார்கழி முதல் வாரத்தில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத காலையில், அம்மாவின் கம்பளிமேல் மச்சிலிருந்து தண்ணீர் சொட்டியது. இவ்வளவு செலவு செய்து கூரை மாற்றி மறுபடியும் ஒழுகலா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பி மச்சுக்கு மேல் ஏறி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஓட்டை எதுவும் இல்ல. தகரத்தோட அடிப்பக்கம் முழுக்க வேர்த்திருக்கு" என்றான்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். எங்களுக்கு மார்கழியிலேயே துளைத்துவிட்டது. தெளிந்த வானத்துக்குக் கீழே இருக்கும் தகரம் ராத்திரி முழுக்கத் தன் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. வீட்டுக்குள்ளிருந்து மேலே ஏறும் ஈரக் காற்று அதில் பட்டுத் தண்ணீராகிறது. அப்படியானால் இவ்வளவு ஈரம் வீட்டுக்குள் எங்கிருந்து வந்தது? அதைத் தேடியதில்தான் வீட்டைப் பற்றி நான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

சமையலறைப் புகைக்காக வைத்த குழாய் வெளியே போகவில்லை, மச்சுக்கு மேலேயே முடிந்திருந்தது. சாதம் வடிக்கிற ஆவி, வெந்நீர் ஆவி எல்லாம் நேராகத் தகரத்துக்கு. முக்கோணச் சுவரில் தாத்தா வைத்த இரண்டு காற்றுத் துளைகளில், வௌவால் வருகிறது என்று யாரோ சாக்கைத் திணித்திருந்தார்கள். மழை மாதம் முழுக்கத் துணிகளைக் கணப்புக்கு முன்னால்தான் காயப்போட்டோம், அந்தத் தண்ணீரும் வீட்டுக்குள்ளேதான். நகரத்திலிருந்து வாங்கி வந்த, காற்றின் ஈரத்தை அளக்கும் சின்ன ஈரமானியை அம்மாவின் அறையில் வைத்தபோது 88 சதவீதம் காட்டியது.

சமையலறைக் குழாயைக் கூரைக்கு வெளியே நீட்டினோம். சாக்கை எடுத்துவிட்டுக் காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை அடித்தோம். துணிக்குத் திண்ணையில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு போட்டு மறைப்பு. மார்கழிப் பகல் காற்று இங்கே நன்றாகக் காய்ந்திருக்கும், அதனால் காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை எல்லா ஜன்னலையும் திறந்தோம். குளிர்காலத்தில் ஜன்னல் திறப்பதா என்று அம்மா முணுமுணுத்தார். பத்து நாளில் ஈரமானி 64க்கு இறங்கியது. அதே கம்பளி, அதே அறை, ஆனால் படுத்தவுடன் முதுகில் ஏறும் சில்லிப்பு குறைந்துவிட்டது என்று அவரே சொன்னார்.

மச்சுப் பலகைக்கு மேல், சூடு வெளியேறாமல் தடுக்கும் பபிள் ஃபாயில் (குமிழி வைத்த பளபளப்பு விரிப்பு) விரித்தோம், புகைக்கூண்டைச் சுற்றி ஓரடி இடம் விட்டு. தெர்மாகோல் மலிவு என்றார்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும் பொருளைக் கணப்பு உள்ள வீட்டில் தலைக்கு மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது இடுக்குகள். இதற்கு ஊதுபத்தியைவிட நல்ல கருவி இல்லை. காற்றடிக்கும் மாலையில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, பத்தியைக் கொளுத்திச் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்த வேண்டும். புகை நேராக ஏறினால் சரி, சாய்ந்தால் அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. அம்மாவின் அறையில் மட்டும் 23 கோடு விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகளைப் பிடித்திருந்த பழைய புட்டி பிஸ்கெட் போல உடைந்தது. ஆளிவிதை எண்ணெயில் சாக் பவுடரைப் பிசைந்து புதிதாக வைத்தோம். கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும், ஒரு நாள் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இன்னும் நன்றாக இழையும். சட்டங்களுக்கு ஃபோம் டேப். கதவடிக்கு, அம்மாவின் பழைய சேலையைக் குழாய் மாதிரித் தைத்து மணலும் உமியும் நிரப்பிய ஒரு திண்டு. தரைப் பலகைகளின் இடைவெளியில் சணல் கயிறு. தரைக்கு அடியில் வெளிச்சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளை மட்டும் தொடவில்லை. அதை அடைத்தால் தரை விட்டங்கள் உளுத்துப்போகும்.

அறையின் காலைச் சூடு 10 டிகிரியிலிருந்து 14க்கு ஏறியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டே வாரத்தில் அந்தச் சந்தோஷம்தான் எங்களைப் படுத்தியது.

முதல் எச்சரிக்கை முன்னறைக் கணப்பில் வந்தது. இடுக்குகளை அடைத்த மறுநாளிலிருந்து புகை அறைக்குள் திரும்பியது. புகைக்கூண்டில் அடைப்பு என்று நினைத்துச் சங்கிலியில் சாக்கு சுற்றிய கல்லைக் கட்டி மேலிருந்து இறக்கினோம். ஒரு கூடு, இரண்டு பக்கெட் கரி வந்தது. சரியாகக் காயாத பைன் விறகு எரித்தால் இப்படித்தான் தார் மாதிரி படியும், அதில் தீப்பிடித்தால் புகைக்கூண்டே எரியும். இனி ஆறு மாதம் காய்ந்த சீகை மட்டும்தான். ஆனால் துடைத்த பிறகும் புகை நிற்கவில்லை. ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்ததும் சட்டென்று மேலே ஏறியது. அப்போதுதான் விளங்கியது. புகை மேலே போக வேண்டுமென்றால் அதன் இடத்துக்கு வெளியிலிருந்து காற்று வர வேண்டும். இத்தனை வருடமாக அந்தக் காற்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த இடுக்குகள் வழியாகத்தான் வந்திருக்கிறது.

நெருப்புக்குக் காற்று வேண்டும் என்று முன்னறையில் படித்த பாடத்தை, பின்னறைக் கரிச்சட்டியோடு நான் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

அம்மாவிடம் ஒரு இரும்புச் சட்டி உண்டு. விறகடுப்பில் புகை அடங்கிய கங்குகளை அதில் வாரி, மேலே சாம்பல் தூவி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். பாட்டி காலத்துப் பழக்கம். நாங்கள் எல்லோரும் அந்தச் சூட்டில்தான் வளர்ந்தோம். தை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, புல்லெல்லாம் வெளுத்த ஒரு ராத்திரி, சட்டியை வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் படுத்தோம். ஃபோம் டேப், சேலைத் திண்டு, எல்லாம் அதனதன் இடத்தில். ஒன்றரை மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. நெற்றி இரண்டாகப் பிளப்பது போல வலி. எழுந்து உட்கார்ந்தால் அறை சுற்றியது. புகை இல்லை, வாடை இல்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். குழறலாக ஏதோ சொன்னார், என் பேரைச் சொல்லவில்லை.

எப்படிப் புரிந்தது என்று எனக்கே தெரியாது. கதவை எட்டித் தள்ளித் திறந்தேன், தம்பியைக் கத்திக் கூப்பிட்டேன். இருவரும் அம்மாவைத் தூக்கித் திண்ணைக்குக் கொண்டுபோனோம். கம்பளி போர்த்தி உட்கார வைத்ததும் வாந்தி எடுத்தார். பக்கத்து வீட்டு ஜீப்பில் மருத்துவமனை. ஆக்ஸிஜன் வைத்தார்கள். விடியும்போது, "சட்டிய அணைச்சீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கரிக் கங்கிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் வாடையும் இல்லாதது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இது பிடித்துக்கொள்ளும். புகை அடங்கிய கங்கு பாதுகாப்பானது என்று நாங்கள் நம்பியது தலைகீழ், காற்று போதாமல் கனன்றுகொண்டிருக்கும் கங்கில்தான் இது நிறைய வரும். அறையில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் போதும், ஈரத்துணி கட்டினால் போதும் என்று இங்கே சொல்வார்கள். தண்ணீர் இதை இழுக்காது. தலைவலி, சுற்றல், குமட்டல், அப்புறம் தூக்கம். தூங்கிக்கொண்டே இருப்பவருக்கு முதல் மூன்றும் தெரியவே தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரியடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறோம். நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். இவ்வளவு காலம் எங்களைக் காப்பாற்றியது அனுபவம் என்று நினைத்திருந்தேன். 23 இடுக்குதான் காப்பாற்றியிருக்கிறது. அத்தனையையும் நான் என் கையாலேயே அடைத்தேன்.

இடுக்குகள் பழையபடி இருந்தாலும் இனி கரிச்சட்டி வேண்டாம் என்பதுதான் என் முடிவு. காற்றடிக்காத ராத்திரியில் இடுக்கு எவ்வளவு காற்று விடும் என்று யார் கணக்கு வைப்பது? அம்மா ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. "உங்க பாட்டி செத்தா போனா?" என்றார். நான் வாதாடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மடியில் வைத்தேன். சட்டி இப்போது திண்ணையில். சாயங்காலம் வெளியே உட்கார்ந்து கை காய்ச்சிக்கொள்ளலாம், உள்ளே வராது. கணப்புச் சாம்பலும் அப்படித்தான். அதற்குள் கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும், மூடி போட்ட தகர டப்பாவில் வெளியே.

அப்புறம் செய்தவை. கணப்புக்குப் பக்கத்தில் தரையைத் துளைத்து 4 அங்குலக் குழாய் ஒன்றைத் தரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தோடு இணைத்தோம், வாயில் எலி வலையும் ஒரு மூடியும். நெருப்பு எரியும்போது மூடி திறந்திருக்க வேண்டும். வேண்டிய காற்று கணப்பின் காலடியிலேயே வந்துவிடுவதால் முதுகில் குளிர்காற்று படுவதில்லை, புகையும் நேராக ஏறுகிறது. அம்மாவின் அறையில் கூரையோரம் கையகலத் துளை ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்கினோம், சுமார் 2000 ரூபாய் வீதம். ஒன்று முன்னறையில், ஒன்று அம்மாவின் தலைமாட்டுச் சுவரில். பேட்டரியில் ஓடுவது என்பதால் கரண்ட் போனாலும் வேலை செய்யும். காற்றில் அந்த வாயு எவ்வளவு என்று பிபிஎம் கணக்கில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண் காட்டும், எப்போதும் பூஜ்யம்தான். ஈர விறகு எரித்த ஒரு நாள் முன்னறையில் 20ஐத் தாண்டியது, ஜன்னலைத் திறந்ததும் இறங்கியது. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களும் இதை வாங்கிவிடுங்கள், அங்கேயும் இதே ஆபத்துதான்.

சட்டிக்குப் பதில் என்ன? முதலில் 2000 வாட் ஹீட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். அம்மா அறையின் பழைய 5 ஆம்பியர் பிளக் அரை மணியில் கருகி வாடை அடித்தது. 15 ஆம்பியர் பிளக்கும் அதற்குத் தனி ஒயரும் இழுத்தோம். ஆனால் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஹீட்டரும் கீசரும் ஓடுவதால் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது, புயல் ராத்திரியில் கரண்டே இல்லை. கடைசியில் நின்றது வெந்நீர்ப் பைதான். அறை முழுவதையும் சூடாக்காமல் படுக்கையை மட்டும் சூடாக்கினால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. முக்கால் பங்குக்கும் குறைவாக ஊற்றி, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருக வேண்டும். துணியுறை போட்டுத்தான் வைக்க வேண்டும், வயதானவர்களுக்குத் தோல் சுடுவது சட்டென்று தெரியாது. படுப்பதற்கு அரை மணிக்கு முன் கால்மாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று. அடியில் விரிப்பதும் முக்கியம். மேலே மூன்று கம்பளி போர்த்தியும் குளிர்கிறது என்றால் கட்டில் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு கம்பளியைப் போட்டுப் பாருங்கள்.

உறைபனியைப் பற்றியும் கொஞ்சம். இரண்டு வெப்பமானி வைத்தேன், நாலடி உயரத்தில் ஒன்று, புல்மேல் ஒன்று. மேகமும் காற்றும் இல்லாத விடியலில் மேலே 3 டிகிரி, புல்லில் பூஜ்யத்துக்குக் கீழே 1. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் கீழே கேரட் தோட்டம் வெள்ளையாக இருக்கும்போது எங்கள் வாசலில் பாதிதான் வெளுத்திருக்கும், ஊட்டியில் தலைகுந்தாவும் குதிரைப் பந்தய மைதானமும் முதலில் வெளுப்பதும் அதனால்தான். மேகம் மூடிய ராத்திரியில் பயமில்லை. நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் வேலை இருக்கிறது. ஊற்றிலிருந்து தரைமேல் வரும் கறுப்பு ஹோஸில் தண்ணீர் உறைந்து ஒன்பது மணி வரை வராது. எங்கள் உறைபனி மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை, ஹோஸை ஓரடி ஆழத்தில் புதைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. புதைக்க முடியாத துண்டுக்குப் பழைய சாக்கு சுற்றி, குழாயை ராத்திரி சொட்டவிட்டோம். தட்டை வகை சோலார் ஹீட்டர் இருந்தால் அந்த ராத்திரிகளில் தகட்டுத் தண்ணீரை வடித்துவிடுவது நல்லது, செம்புக் குழாய் வெடிக்கும். அம்மாவின் ஜெரேனியத்துக்குச் சாயங்காலமே நான்கு குச்சி நட்டு மேலே சாக்கு, இலையில் படாமல்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கிழக்குச் சுவரில் பத்து வருடத்துக்கு முன் சிமென்ட் பூசினோம். உள்ளே மண் சாந்து, வெளியே சிமென்ட். விரிசல் வழியாக உள்ளே போன மழைத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அறைப் பக்கம் கசிகிறது. தட்டிப் பார்த்தால் பாதிச் சுவர் பொக்கென்று சத்தம் போடுகிறது. மாசிக் கடைசியில் வெயில் ஏறியதும் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பு பூச வேண்டும். மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. சுண்ணாம்பை இப்போதே நீற்றி ஊறவைத்திருக்கிறோம், திண்ணையில் கரிச்சட்டிக்குப் பக்கத்து டிரம்மில்.